எந்த வீரராசேந்திரன்? கல்வெட்டுகளின் வழியே கொங்குச் சோழரைத் தேடி

கரூர்ப் பசுபதீசுவரர் கோயில் சுவரில் வீரராசேந்திரன் என்னும் சோழனின் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. கூடல்சங்கமத்தில் சாளுக்கியரை முறியடித்த பெருமையை அதன் மெய்க்கீர்த்தி விரிவாகச் சொல்கிறது. அவன் கங்கைகொண்ட சோழபுரத்துப் பேரரசன். 1063 முதல் 1070 வரை, ஏறத்தாழ ஏழாண்டுகளே ஆண்டவன்.

அவினாசியிலும் அன்னூரிலும் பேரூரிலும் இதே பெயர் கண்ணில் படுகிறது. ஆனால் அங்கே மெய்க்கீர்த்தி இல்லை, போர் இல்லை, புகழுரை இல்லை. மங்கலச் சொல், அரசன் பெயர், ஆட்சியாண்டு, அதற்குப் பிறகு நேரே கொடைச் செய்தி. அந்த ஆட்சியாண்டு பத்தைத் தாண்டுகிறது, இருபதைத் தொடுகிறது. ஏழாண்டு ஆண்டவனுக்கு இருபதாம் ஆட்சியாண்டு எப்படி வரும்? ஆகவே இவன் வேறு ஆள்.

என் தேடல் இந்தக் கேள்வியிலிருந்து தொடங்கியது. கோவையின் பீளமேட்டில் குடியிருப்பவன் நான். மேற்கே போனால் பேரூர் பட்டீசுவரர் கோயில். கிழக்கே அவினாசி சாலையைப் பிடித்துப் போனால் அவினாசிலிங்கேசுவரர் கோயில். இரண்டிலும் இந்த இரண்டாம் வீரராசேந்திரனின் காலத்துக் கற்கள் உள்ளன. மில்லும் மோட்டார் பட்டறையும் கல்லூரியும் விமான நிலையமுமாக இந்த ஊரை அறிந்தவர்கள் பலர். இந்த மண்ணை நாற்பது, ஐம்பது ஆண்டுகள் தன் பெயரால் ஆண்ட ஓர் அரசன் இருந்தான், அவனுக்கு முன்பே இருநூறு ஆண்டுப் பழமையுள்ள ஓர் அரசமரபு இருந்தது என்பதை அறிந்தவர்கள் சிலரே. வரலாற்று நூல்கள் அந்த மரபைக் கொங்குச் சோழர் என்கின்றன.

பெயர்களின் குழப்பம்

கொங்குச் சோழரைத் தேடுபவருக்கு முதல் இடைஞ்சல் அவர்களுடைய பெயர்கள்தான். விக்கிரம சோழன் என்று ஒரு கல் சொன்னால், 1118இல் பட்டத்துக்கு வந்த பேரரசன் விக்கிரம சோழனா, அவனுக்கு நூறாண்டு முன்பே கொங்கில் ஆண்ட விக்கிரம சோழனா என்று பார்க்க வேண்டும். குலோத்துங்கன் என்றால் பேரரசில் மூவர், கொங்கில் தனியாக ஒருவன். இராசாதிராசன் என்ற பெயரும் இரண்டு பக்கமும் உண்டு. தஞ்சையின் இராசகேசரி, பரகேசரி என்ற பட்டங்களையும் கொங்கு அரசர்கள் தரித்துக்கொண்டார்கள்.

பெயர் பொதுவானால் பிரித்தறியச் சில வழிகள் உள்ளன. மெய்க்கீர்த்தி இருக்கிறதா என்பது முதல் சோதனை. ஆட்சியாண்டு எவ்வளவு ஏறுகிறது என்பது இரண்டாவது. எழுத்தின் வடிவம் மூன்றாவது: பத்தாம் நூற்றாண்டுக் கொங்கில் வட்டெழுத்துப் பெருவழக்கு, பிறகு தமிழெழுத்து அந்த இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. எல்லாவற்றையும்விட நம்பத்தக்கது நான்காவது வழி. அரசனின் ஆட்சியாண்டும் சக ஆண்டும் ஒரே கல்லில் சேர்ந்து வருவது. அப்படிப்பட்ட கல் ஒன்று கிடைத்தால் மற்றவற்றை அதை வைத்து வரிசைப்படுத்தலாம்.

கதை சொல்ல ஆளில்லாத அரசமரபு

இந்தத் தேடல் ஏன் இத்தனை கடினம் என்பதை உணர, இதே காலத்து அயர்லாந்தைப் பார்ப்பது உதவும். அங்கே ஷானன் ஆற்றங்கரையில் டால் காஷ் என்ற சிறு குலம் இருந்தது. அக்குலத்துப் பிரையன் போரு, அண்ணன் கொல்லப்பட்ட பின் 978இல் மன்ஸ்டர் என்ற தென்பகுதிக்கு அரசனாகி, 1002இல் அயர்லாந்து முழுவதற்கும் மேலரசனாக ஏற்கப்பட்டு, 1014இல் க்ளோன்டார்ஃப் போரில் மாண்டான். 1005இல் அவன் ஆர்மா திருச்சபைக்குப் போனபோது, அங்கிருந்த திருநூலில் அவனைப் பேரரசன் என்றே எழுதிவைத்தார்கள். மடங்களில் துறவிகள் ஆண்டுதோறும் குறிப்பெழுதினார்கள். பன்னிரண்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அவனுடைய கொள்ளுப்பேரன் காலத்தில், குலத்தின் பெருமையை நிலைநாட்ட ஒரு முழு வீரகாவியமே எழுதப்பட்டது. சிறிய வட்டாரத்து அரசன் எப்படி மேலே வந்தான் என்பதை அங்கே ஆண்டுவாரியாகச் சொல்லிவிடலாம். குலப்பெருமைக்காக எழுதியதைச் சலித்தெடுக்க வேண்டியிருக்கும், அவ்வளவுதான்.

அதே 1005ஐ ஒட்டித்தான் கொங்கிலும் ஓர் அரசன் ஆட்சியாண்டு எண்ணத் தொடங்குகிறான். ஆனால் அவனுக்கு ஆண்டுக்குறிப்பு எழுதிய மடம் இல்லை. காவியம் பாடிய அவைப்புலவர் இருந்திருந்தால் அந்த ஏடு நம்மிடம் வந்து சேரவில்லை.

வந்து சேர்ந்த ஒரே தொடர்வரலாறு 'கொங்குதேச ராசாக்கள்'. இந்தியாவின் முதல் சர்வேயர் ஜெனரலான காலின் மெக்கன்சி திரட்டிய சுவடித் தொகுப்பில் இருந்தது அது. மெக்கன்சி 1821இல் இறந்தார். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் வில்லியம் டெய்லரும் ஜான் டௌசனும் இந்தச் சுவடியை ஐரோப்பிய ஆய்வுலகுக்கு அறிமுகப்படுத்தினார்கள். தமிழ் மூலம் 1950இல் சென்னை அரசினர் கீழ்த்திசைச் சுவடி நூலகத்தின் வழியாக அச்சேறியது. பதிப்பித்தவர் கோவைக்கிழார் என்று நாம் அன்போடு அழைக்கும் வழக்கறிஞர் சி. எம். இராமச்சந்திரன் செட்டியார்.

விசயாலயன் மகன் ஆதித்தன் தஞ்சையில் முடிசூடிய பின் கொங்குக்கு வந்து தலைக்காட்டைப் பிடித்தான் என்கிறது அந்தச் சுவடி. அடுத்துத் தஞ்சைச் சோழர், போசளர், விசயநகரத்தார் என்று நகர்கிறது. ஆதித்தனின் படையெடுப்பை மற்றச் சான்றுகளோடு பொருத்திப் பார்க்க அது பயன்படுகிறது. ஆனால் முந்நூறு ஆண்டுகள் கொங்கிலேயே தங்கி ஆண்ட கொங்குச் சோழர் கிளையைத் தனி மரபாக அது காட்டவில்லை. ஏட்டில் விடுபட்ட அரசர்களைக் கல்லில்தான் தேட வேண்டும்.

திங்களூர்க் கல்

1886இல் ஜெர்மானிய அறிஞர் ஹுல்ஷ் சென்னை மாகாணத்தின் கல்வெட்டறிஞராக அமர்த்தப்பட்டார். அவருக்குப் பின் வெங்கய்யா பொறுப்பேற்றார். படியெடுப்போர் ஊர் ஊராகப் போனார்கள். கல்லைத் துலக்கி, ஈரத்தாளை அதன்மேல் ஒற்றி, தூரிகையால் தட்டி, மை பூசி எடுத்த மைப்படிகள் எண்ணிடப்பட்டு ஆண்டறிக்கைகளில் பட்டியலாயின. எண், ஊர், கல் இருக்கும் இடம், அரசன், ஆண்டு, இரண்டு மூன்று வரியில் செய்தி. கொங்குச் சோழரின் வரலாறு முதலில் இப்படித்தான், துண்டு துண்டான பட்டியல் வரிகளாக வெளியே வந்தது.

அந்தப் பட்டியல்களில் 1905ஆம் ஆண்டுக்குரிய 614ஆம் எண் கொங்கு வரலாற்றின் அச்சாணி என்பேன். ஊர், பெருந்துறைப் பக்கத்துத் திங்களூர். இடம், சமணக் கோயில். செய்தி, சந்திரவசதி என்னும் அந்தப் பள்ளிக்கு முகமண்டபம் எடுத்தது. அரசன் பெயர் கோநாட்டான் விக்கிரம சோழன், ஆட்சியாண்டு 40. கூடவே சக ஆண்டு 967.

சக ஆண்டோடு 78ஐக் கூட்டினால் 1045. நாற்பதாண்டு பின்னோக்கிப் போனால் இந்த விக்கிரம சோழன் 1004-05ஐ ஒட்டி அரசேறியவன் என்று தெரிகிறது. கலிமூர்க்கன் என்ற பட்டமும் இவனுக்கு உண்டு. பேரரசன் விக்கிரம சோழன் பிறப்பதற்கு முன்பே இவன் நாற்பதாண்டு ஆண்டு முடித்துவிட்டான். பெயர்க்குழப்பம் இந்த ஒரு கல்லால் தீர்கிறது.

இந்தக் கணக்கை அப்படியே விட்டுவிடாமல் தஞ்சையோடு வைத்துப் பாருங்கள். 1010இல் இராசராசன் பெரிய கோயிலைக் கட்டி முடித்தபோது கொங்கில் இவனுக்கு ஐந்தாம், ஆறாம் ஆட்சியாண்டு. இராசேந்திரன் கங்கைவரை படை அனுப்பியபோதும், 1025இல் கடாரத்துக்குக் கப்பல் விட்டபோதும் இவன் ஆண்டுகொண்டிருந்தான். 1044இல் இராசேந்திரன் இறந்த பிறகும் இவன் இருந்தான். சோழப் பேரரசு உச்சியில் இருந்த அந்த நாற்பதாண்டும், அதன் மேற்கு எல்லையில் ஒருவன் தன் பெயரால் ஆண்டு எண்ணினான்!

இது சாதாரணச் செய்தி அல்ல. கோயிலுக்கு விளக்கு வைக்கிறவரும் நிலம் விடுகிறவரும் கல்லில் யாருடைய ஆட்சியாண்டைப் போடுகிறார்கள் என்பதுதான் அந்த ஊரில் யார் அரசன் என்பதற்கான பொதுமக்கள் சாட்சி. அதிகாரியாக வந்தவன் அரசனின் ஆண்டைப் போடுவான். திங்களூர்க் கல் தஞ்சையின் ஆண்டைப் போடவில்லை. சோழன் என்ற பெயரைத் தாங்கி, சோழப் பேரரசுக்கு அடங்கி, ஆனால் தன் நாட்டில் தன் ஆண்டு. கொங்குச் சோழர் எழுந்த முறை இதுதான்.

யார் இந்தக் கோநாட்டார்?

இவர்கள் எங்கிருந்து வந்தார்கள்? கோநாடு என்பது கொடும்பாளூரைச் சார்ந்த புதுக்கோட்டைப் பகுதி. கொடும்பாளூர் வேளிர் தஞ்சைச் சோழருக்குப் பெண் கொடுத்தவர்கள், படை நடத்தியவர்கள். 1956இல் வெளிவந்த தம் கொங்குநாடு நூலில் மா. ஆரோக்கியசாமி, கோநாட்டான் என்ற பட்டத்தைக் கொண்டு இம்மரபைக் கோநாட்டோடு தொடர்புபடுத்தினார். சோழர் கொங்கை வென்றபின் அங்கே நிறுத்திய நம்பிக்கைக்குரிய குடும்பம் நாளடைவில் அரசமரபாக மாறியது என்பது இதன் சாரம்.

இதற்குத் துணையாகப் பத்தாம் நூற்றாண்டுக் கல்வெட்டுகள் உள்ளன. கோவைக்காரரான கல்வெட்டறிஞர் கே. வி. சுப்பிரமணிய ஐயர் கொங்கு நாட்டு வட்டெழுத்துக் கல்வெட்டுகள் ஏழினை எபிகிராபியா இண்டிகாவில் ஆராய்ந்து வெளியிட்டார். தாராபுரம் பக்கத்துப் பிரமியம் போன்ற ஊர்களில் கோக்கண்டன் வீரநாராயணன், கோக்கண்டன் இரவி என்று கொங்குச் சேரரின் பெயர்கள் கிடைக்கின்றன. வீரசோழன் கலிமூர்க்கப் பெருமான் என்ற பெயர் அதே வட்டெழுத்து உலகத்தில் தோன்றுகிறது. சேரச் சாயல் கொண்ட பழைய ஆட்சி மங்குகிற இடத்தில் சோழப் பெயர் கொண்ட புதிய ஆட்சி துளிர்ப்பதை இந்தக் கற்களில் காணலாம்.

என் கருத்தில் கோநாட்டுத் தொடர்பு ஏற்கத்தக்கதே. ஆனால் அது தொடக்கத்தை மட்டும் விளக்கும். வெளியிலிருந்து வந்த குடும்பம் முந்நூறு ஆண்டு நிலைக்க வேண்டுமானால் மண்ணில் உள்ளவர்கள் அதை ஏற்க வேண்டும். அந்த ஏற்பு எப்படிக் கிடைத்தது என்பதுதான் அடுத்த கேள்வி.

பெருவழியும் பேரரசும்

தஞ்சைக்குக் கொங்கு ஏன் தேவைப்பட்டது? கோவைக்குத் தென்மேற்கே சுண்டக்காமுத்தூர் பக்கத்துப் பாறையில் இராசகேசரிப் பெருவழி என்று ஒரு நெடுஞ்சாலைக்குப் பெயர் வெட்டியிருக்கிறார்கள். தமிழெழுத்திலும் வட்டெழுத்திலும் வெட்டப்பட்ட அது, காவிரி நாட்டுச் சோழனை வாழ்த்தும் வெண்பாவும் கொண்டது. முதலாம் ஆதித்தன் காலத்தது என்று கல்வெட்டறிஞர் கொள்கின்றனர். மேற்குத் தொடர்ச்சி மலையில் பாலக்காட்டுக் கணவாய் ஒன்றுதான் வண்டிகள் தாராளமாகப் போகிற வாசல். அதற்கு இந்தப் பக்கத்துக் கதவு கொங்கு. வெள்ளலூரில் 1842இல் கிடைத்த உரோமானிய வெள்ளிக்காசுகளும் கொடுமணலின் இரும்பு, மணி உருவாக்கும் தொழிற்கூடங்களும் இந்த வழி எத்தனை பழமையானது என்பதைக் காட்டும்.

இந்தக் கதவைக் காக்கத் தஞ்சைக்கு ஆள் வேண்டியிருந்தது. நாட்டின் பெயரையே வீரசோழ மண்டலம், அதிராசராச மண்டலம் என்று மாற்றினார்கள். கருவூருக்கு முடிவழங்கு சோழபுரம் என்று பெயரிட்டார்கள். ஆனால் இருபத்து நான்கு நாடுகளாகப் பிரிந்து, மேய்ச்சலும் புன்செயும் மலைக்காடுமாகக் கிடந்த நிலத்தைக் காவிரிப் படுகைபோல் நேரடியாக ஆள முடியாது. தன்னோடு பிணைந்த, ஆனால் உள்ளூரில் வேர் பிடித்த ஒரு மரபை விட்டுவைப்பதே பேரரசுக்குத் தோதாக இருந்தது. அந்த இடைவெளியில்தான் கொங்குச் சோழர் வளர்ந்தார்கள்.

விக்கிரம சோழனுக்குப் பின் வந்தவர்களின் பெயர்களே இந்த உறவைச் சொல்லும். அபிமான சோழ இராசாதிராசன், உத்தம சோழ வீரநாராயணன் என்று தஞ்சை அரசர்களின் பெயர்களையும் விருதுகளையும் அவர்கள் அணிந்துகொண்டார்கள். அதே சமயம் ஆட்சியாண்டு மட்டும் தமதாகவே இருந்தது. பன்னிரண்டாம் நூற்றாண்டின் நடுவில் கொங்குக் குலோத்துங்கன் காலத்தில் வடகொங்கும் தென்கொங்கும் ஒரு குடைக்கீழ் வந்தன.

ஆற்றுநீரும் ஆணையும்

1207ஐ ஒட்டி நம் வீரராசேந்திரன் அரசேறுகிறான். கோயில் சுவர்களில் கொங்குச் சோழர் பெயர்களிலேயே மிகுதியாகக் கிடைப்பது இவன் பெயர்தான். காலத்தைக் கவனியுங்கள். 1216இல் மாறவர்மன் சுந்தரபாண்டியன் சோழநாட்டுக்குள் புகுந்து தஞ்சையையும் உறையூரையும் எரிக்கிறான். 1231இல் சோழ அரசன் மூன்றாம் இராசராசனைக் காடவத் தலைவன் கோப்பெருஞ்சிங்கன் சிறைவைக்கிறான். போசள நரசிம்மன் வந்து மீட்க வேண்டியிருக்கிறது. காவிரிக்கரை இப்படிக் கலங்கிக்கொண்டிருந்த ஆண்டுகளில் நொய்யல் கரையில் அணை கட்டுவது பற்றி ஆணை பிறப்பிக்கிறார்கள்.

பேரூர்க் கல்வெட்டுகளில் ஒன்று அந்த ஆணையைச் சொல்கிறது. நொய்யலுக்கு அன்று காஞ்சி ஆறு என்று பெயர். அதில் தேவிசிறை என்ற அணையை அடைத்துக்கொள்ள அனுமதி கிடைக்கிறது. ஆனால் ஒரு நிபந்தனை. ஏற்கெனவே உள்ள கோளூர் அணைக்குக் கேடு வரக்கூடாது. அதற்குரிய நீர் போக மிகுவதைத்தான் புதிய அணை எடுத்துக்கொள்ள வேண்டும்.

இன்றைக்கும் ஆற்றுநீர் வழக்குகளில் நாம் பேசுவது இதைத்தான். முன்னுரிமை யாருக்கு, மிச்சம் யாருக்கு? எண்ணூறு ஆண்டுக்கு முன் ஓர் அரசன் அந்தக் கேள்விக்குக் கல்லில் பதில் எழுதிவைத்தான். சித்திரைச்சாவடியிலிருந்து சிங்காநல்லூர் வரை நொய்யலின் அணைகளும் வாய்க்கால்களும் குளங்களும் தொடராக அமைந்திருப்பதைப் பார்த்தவர்கள், இப்படி ஒரு விதி இல்லாமல் அந்தத் தொடர் நிலைத்திருக்காது என்பதை எளிதில் உணர்வார்கள். படை நடத்தி வென்றவனைக் காட்டிலும், மேலூருக்கும் கீழூருக்கும் நடுவில் நின்று நீரைப் பங்கிட்டவனை ஊர்கள் அரசனாக ஏற்றுக்கொண்டன. கொங்குச் சோழர் வேர் பிடித்ததற்கு எனக்குக் கிடைத்த வலுவான விடை இதுதான்.

இதே பேரூர்க் கல்வெட்டுகளில்தான் கோவன்புத்தூர் என்ற பெயரும் வருகிறது. பேரூர் நாட்டுக் கோவன்புத்தூர், வீரகேரள நல்லூர் என்ற மறுபெயரோடு. இன்று மாநகராட்சியாக விரிந்திருக்கும் கோயம்புத்தூர், அன்று பேரூர் நாட்டுக்குள் ஓர் ஊர். காடாகக் கிடந்த இடங்கள் ஊராகிக்கொண்டிருந்த காலத்தின் சான்று அது.

கம்மாளருக்குக் கிடைத்த உரிமை

தேடலில் என்னை மிகவும் அசைத்தது கரூர்க் கோயிலின் இன்னொரு கல்வெட்டு. ஹுல்ஷ் அதைத் தென்னிந்தியக் கல்வெட்டுகள் மூன்றாம் தொகுதியில் வெளியிட்டார். கோனேரின்மைகொண்டான் வெங்கால நாட்டுக் கம்மாளருக்கு அனுப்பிய ஆணை அது. பதினைந்தாம் ஆண்டு ஆடி மாதம் முதல் அவர்கள் தங்கள் வீட்டு நன்மை தின்மைகளுக்கு இரட்டைச் சங்கு ஊதலாம், பேரிகை முதலியவை கொட்டலாம். வெளியே போகும் இடங்களுக்குக் காலில் செருப்பணிந்து போகலாம். வீட்டுச் சுவருக்குச் சாந்து பூசிக்கொள்ளலாம்.

முதலில் இந்த ஆணை யாருடையது என்று பார்க்க வேண்டும். கோனேரின்மைகொண்டான் என்பது ஓர் அரசனின் இயற்பெயர் அல்ல. அரசாணை ஓலைகளின் தலைப்பில் பல அரசர்கள் இட்டுக்கொண்ட பட்டம். எனவே தலைப்பை மட்டும் வைத்து முடிவு சொல்ல முடியாது. ஆட்சியாண்டு இருக்கிறது, மாதம் இருக்கிறது, அரசன் பெயர் மட்டும் இல்லை.

இங்கே சூழ்நிலைச் சான்றுகளை அடுக்க வேண்டியிருக்கிறது. இதே வகைச் சலுகைகள் பேரூர் உட்படக் கொங்கின் வேறு இடங்களிலும் கம்மாளருக்குக் கிடைத்திருக்கின்றன. ஆகவே ஆணையிட்டவன் கொங்கின் பல நாடுகளுக்கு ஒருசேரத் தலைவனாக இருந்தவன். எழுத்து வடிவம் பதினோராம் நூற்றாண்டுக்கு உரியதல்ல, பிந்தியது. ஆகவே பேரரசின் நல்ல காலம் கழிந்த பிறகு வந்தவன். பதினைந்தாண்டாவது ஆண்டவன். இந்த மூன்றும் ஒருங்கே பொருந்துகிறவர்கள் கொங்குச் சோழருள் ஒன்றிரண்டு பேரே. ஆய்வாளர் பலர் வீரராசேந்திரனைச் சுட்டுகின்றனர். நானும் அந்தப் பக்கமே சாய்கிறேன்.

அடுத்து இந்த ஆணையின் மறுபக்கத்தையும் படிக்க வேண்டும். செருப்புப் போடலாம் என்று அரசன் அனுமதித்தால், அதுவரை போடக்கூடாது என்ற கட்டுப்பாடு இருந்தது என்று பொருள். கல்லும் மரமும் இரும்பும் வெண்கலமும் பொன்னும் வேலை செய்து, கோயிலை எழுப்பி, ஏர்க்கொழு அடித்து, தேர் செய்து, தாலி வார்த்தவர்கள் தங்கள் சொந்த வீட்டுச் சுவருக்குச் சுண்ணச்சாந்து பூச முடியாமல் இருந்திருக்கிறார்கள். தலைமுறை தலைமுறையாக அவர்கள் பட்ட இழிவை எந்த மெய்க்கீர்த்தியும் சொல்லாது. இந்த ஆணையின் மூன்று வரி சொல்லிவிடுகிறது.

அரசன் இந்த உரிமையை ஏன் கொடுத்தான்? தனி மனித இரக்கம் என்று மட்டும் எடுத்துக்கொள்ள நான் தயாரில்லை. காடு திருத்தி ஊர் அமைக்கவும் அணை அடைக்கவும் கோயிலைக் கற்றளியாக மாற்றவும் கைவினைஞர் இல்லாமல் முடியாது. கேட்கிற அளவுக்கு அவர்கள் வலுப்பெற்றிருந்தார்கள். கொடுக்கிற அளவுக்கு அரசனுக்கு அவர்கள் தேவைப்பட்டார்கள். தங்களுக்குக் கிடைத்ததைக் கல்லில் ஏற்றிவைத்ததே, யாரும் பின்னால் பறிக்கக்கூடாது என்பதற்காகத்தான். அரசமரபின் எழுச்சியும் கைவினைஞரின் எழுச்சியும் இந்தக் கல்லில் சேர்ந்தே நடக்கின்றன.

பீளமேட்டில் இருந்துகொண்டு இதைப் படிக்கும்போது அதன் கனம் கூடுகிறது. வார்ப்படச் சாலையும் லேத் பட்டறையும் மோட்டார் பம்பும் இந்த ஊரை உலகத்துக்கு அறிமுகப்படுத்தின. இரும்பை உருக்கி வார்க்கிற கையின் மதிப்பு இங்கே யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. அந்தக் கைகளுக்கு உரிமைப்பட்டயம் எழுதப்பட்ட நாடும் இதுவே என்பது பள்ளிப் பாடத்தில் இடம்பெற வேண்டிய செய்தி.

முடிவும் முடிவுக்குப் பின்னும்

வீரராசேந்திரனின் ஆட்சி பதின்மூன்றாம் நூற்றாண்டின் நடுவரை நீண்டது. அவனுக்குப் பின் மற்றொரு விக்கிரம சோழன் வருகிறான். அந்த நூற்றாண்டின் பிற்பகுதியில் அதே கோயில்களில் சுந்தரபாண்டியன், வீரபாண்டியன் என்ற பெயர்கள் தோன்றத் தொடங்குகின்றன. 1279இல் பேரரசுச் சோழரின் கடைசி அரசனான மூன்றாம் இராசேந்திரனின் காலம் முடிகிறது. தொடர்ந்து போசள வீரவல்லாளனின் ஆணைகள் கொங்குக்குள் வருகின்றன. ஒரே சுவரில் மூன்று மரபுகளின் ஆண்டுகள் அடுத்தடுத்து நிற்கின்றன. ஆனால் விளக்கெரிக்க விட்ட பொன்னும் வாய்க்கால் நீரின் பங்கும் அரசன் மாறியதால் மாறிவிடவில்லை.

ஆக, என் தேடலின் முடிவு இது. கொங்குச் சோழரைத் தஞ்சையின் நிழல் என்று எழுதுவது தவறு. பேரரசின் பெயரைச் சுமந்துகொண்டு, பேரரசு உச்சத்தில் இருந்தபோதே தம் ஆண்டைத் தாமே எண்ணி, பேரரசு தளர்ந்தபோது நீரையும் உரிமையையும் பங்கிட்டுத் தந்து நிலைபெற்ற தனி மரபு அவர்கள். அயர்லாந்துப் பிரையனின் மரபு போரால் எழுந்து காவியத்தால் நிலைத்தது. இவர்கள் எழுந்தது ஆணையால், நிலைத்தது அந்த ஆணையைத் தங்கள் செலவில் கல்லில் வெட்டிவைத்த ஊராராலும் கைவினைஞராலும் கொடையாளராலும்.

கோவைக்கிழார், சுப்பிரமணிய ஐயர், ஆரோக்கியசாமி, வீ. மாணிக்கம், 2023இல் மறைந்த ஈரோட்டுப் புலவர் செ. இராசு ஆகியோர் வாழ்நாளெல்லாம் உழைத்து இந்த மரபைப் பட்டியல் வரிகளிலிருந்து மீட்டார்கள். வேலை முடிந்துவிடவில்லை. மைசூரில் இருந்த தமிழ்க் கல்வெட்டு மைப்படிகளைச் சென்னைக்குக் கொண்டுவர வேண்டும் என்று 2021 ஆகஸ்டில் சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை ஆணையிட்டது. அந்தப் படிகளை முழுமையாக அச்சிடுவதும் மின்வடிவில் எல்லோருக்கும் திறந்துவிடுவதும் அரசின் கடமை.

நம் கடமை ஒன்று உண்டு. உங்கள் ஊர்க் கோயிலில் திருப்பணி தொடங்கும் முன், கருவறைச் சுவரிலும் அதிட்டானத்திலும் எழுத்து இருக்கிறதா என்று ஒருமுறை சுற்றிப் பாருங்கள். இருந்தால் நல்ல வெளிச்சத்தில் பக்கவாட்டில் நின்று படமெடுங்கள். தொல்லியல் துறைக்கு எழுதுங்கள். அந்தக் கல்லின்மேல் மணல் பீய்ச்சவும் பெயின்ட் அடிக்கவும் டைல்ஸ் ஒட்டவும் விடாதீர்கள். திங்களூரில் ஒரு கல் உடைந்திருந்தால் கொங்கு வரலாற்றில் நாற்பதாண்டு நமக்குக் கிடைத்திருக்காது.